கழலாத பூட்டு

வலது கால் சப்பாத்துக்குள் போகவில்லை.

ஜெபரட்ணம் குனிந்த முதுகை நிமிர்த்தாமல் மறுபடியும் முயன்றார். தம்பியின் குதிக்காலை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையால் சப்பாத்தைத் தள்ளினார். கறுப்புத் தோல் சப்பாத்து. முதல்நாள் மாலை முழுவதும் குந்தியிருந்து, முகம் தெரிகிற அளவுக்கு அவரே மினுக்கியது. இடது கால் சொன்னபடி கேட்டு உள்ளே போயிருந்தது. வலது கால்தான் முழங்காலுக்குக் கீழே வீங்கி, வேறு யாருடையதோ போல வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது.

"சப்பாத்து அவசியமில்லை" என்றார் பின்னால் நின்ற டேனிஷ்காரர். அடக்கச் சடங்குகளை ஒழுங்கு செய்கிறவர். சாம்பல் நிறக் கோட்டும் தணிந்த குரலும் அவருடைய தொழிலோடு சேர்ந்தவை. "போர்வை மூடிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை."

"எனக்குத் தெரியும்" என்றார் ஜெபரட்ணம் ஆங்கிலத்தில்.

யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து, பெரிய துரைமாருக்கே வசனம் திருத்திக் கொடுத்த ஆங்கிலம் அது. அகதியாக டென்மார்க்குக்கு வந்து இரண்டு குளிர்காலம் கழிந்த பிறகும் அதன் மடிப்புக் கலையவில்லை. ஹேர்னிங் நகரத்துத் தமிழருக்குள் மொழி வகுப்புக்கும் டை கட்டிக்கொண்டு போகிற ஒரே மனிதர் அவர்தான். தெல்லிப்பழையில் அவருடைய தகப்பனார் வெறுங்காலோடு படலை தாண்டியதில்லை. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் கடைசிப் பயணத்தை ஒற்றைச் சப்பாத்தோடு போவதாவது?

அருள்மலர் வந்து கணவருக்குப் பக்கத்தில் நின்றாள். சப்பாத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். நாடாவை ஒவ்வொரு துளையாக உருவி, முழுவதும் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள். தோலை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு காலுக்குக் கீழே கொடுத்தாள். சப்பாத்து வாயைத் திறந்தபடி காலை ஏற்றுக்கொண்டது.

"நாடாவைத் தா, கட்டிவிடுறன்" என்றார் அவர்.

"வேண்டாம்."

"இப்பிடி அவிண்டு கிடந்தால் பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"சொல்லட்டும்." அருள்மலர் அவரைப் பார்க்கவில்லை. வீங்கிய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இனியும் இறுக்காதேங்கோ."

செய்தி வந்த நாளிலிருந்து அவள் அவரோடு தேவைக்கு மிஞ்சி ஒரு சொல் பேசியவளில்லை. சாப்பாடு வைத்தாள், தேத்தண்ணி வைத்தாள், கோட்டை எடுத்துக் கொடுத்தாள். இந்த இரண்டு சொல்லைத்தான் இவ்வளவு நாளும் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள் என்று ஜெபரட்ணத்துக்கு இப்போது விளங்கியது. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், இறந்தவர்களை வழியனுப்புவதற்கென்று கட்டிய சின்ன மண்டபம் அது. யன்னல்கள் உயரத்தில் இருந்தன. அதுவும் பால் நிறக் கண்ணாடி. வெளியே பெப்ரவரி மாதத்துப் பனி குவிந்து கிடந்தது. உள்ளே சூடாக்கிகள் கொதித்தன. மெழுகுதிரியின் வாசமும் புதுப் பலகையின் வாசமும் சேர்ந்து தொண்டையில் நின்றன. அவர் டையின் முடிச்சுக்குள் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். அது தளரவில்லை.

பெட்டிக்குள் கிறிஸ்துராஜா கிடந்தான். அவருடைய கடைசித் தம்பி. தகப்பனார் போனபோது அவன் பால்பல் விழாத பிள்ளை. பிறகு தகப்பனும் தமையனுமாக நின்று வளர்த்தவர் ஜெபரட்ணம்தான். பிள்ளையில்லாத அருள்மலருக்கு அவன் மைத்துனனா மகனா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஹேர்னிங்கில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தான். குளிர்கால விடுமுறையில் தொழிற்சாலையின் விளையாட்டுக் கழகம் நோர்வே மலைக்குப் பனிச்சறுக்கப் போனது. கூடப் போன ஒரே தமிழன் அவன். ஒரு பின்னேரம் திடீரென்று மூடுபனி இறங்கியபோது, பாதையோரம் நட்டிருந்த சிவப்புக் கம்புகளைத் தவறவிட்டு, மரங்களுக்கு நடுவே மிருதுவான பனிக்குள் தலைகீழாக விழுந்தான். விடிந்த பிறகுதான் கண்டெடுத்தார்கள். கால் முறிந்திருந்தது, ஆனால் குளிர்தான் கொன்றது என்று அங்கத்தைய டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார்.

வாசற்பக்கத்தில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஓல்போர்க்கிலிருந்தும் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்தும் வந்தவர்கள், பனிச் சப்பாத்துகளைத் தட்டியபடி, குரலைத் தணித்துக் கதைத்தார்கள். தணித்த குரல்தான் அந்த அறையில் நன்றாகக் கேட்டது.

"மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்ல, பாத்தியோ?"

"கச்சேரி ஆக்கள் அழமாட்டினம். கோவை திறந்து எழுதி வைப்பினம்."

"சும்மா இரடி, கேக்கப்போகுது."

கேட்டது. ஜெபரட்ணம் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

முற்றத்தில் இரத்தினசிங்கம் நின்றான். ஹேர்னிங்கில் தமிழருக்குள் முதன்முதல் கார் வாங்கியவன். ஆகையால் எல்லாருடைய நல்லது கெட்டதுக்கும் அவன் ஓட வேண்டியிருந்தது. ஓடுகிறவனுக்கு வாயும் கொஞ்சம் ஓடும்.

"அண்ணை, உந்தத் தாடிக்காரன் வாறானாம். தொலைபேசியில சொன்னவன்."

"யார், பிரேபனோ?"

"வேற ஆர்? கூட்டிக்கொண்டு போனவன் அவன்தானே. ஊரெல்லாம் பொறுப்பாளர் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். பொறுப்புப் பாத்த வடிவைப் பாத்தியளே? தன்ர ஆக்களை எல்லாம் எண்ணிக் கொண்டுவந்து சேத்திட்டான். எங்கட பெடியன் ஒருத்தன்தான் குறைஞ்சு போனான்."

ஜெபரட்ணம் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நீங்கள் வாய் திறக்க வேணும், அண்ணை. நீங்கள் கதைச்சால் ஒரு எடுப்பு இருக்கு. நாங்கள் கதைச்சால் அகதியள் கத்துகினம் எண்டுவாங்கள். எல்லாரும் உங்கட வாயைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்."

அது உண்மைதான். பதினைந்து இருபது சோடிக் கண்கள் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இப்படி எல்லாரும் தன் வாயைப் பார்த்து நிற்பது ஜெபரட்ணத்துக்கு ஒரு காலத்தில் பிடித்தமான காரியம்.

பிரேபனின் கார் வந்து நின்றது. கூரையில் இரண்டு சறுக்குக் கட்டைகள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. செந்தாடி வைத்த பெரிய மனிதன். கறுப்புக் கோட்டுக்குள் அடங்காத தோள்கள். இறங்கியவன் யாரையும் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தான். கட்டைகளைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜெபரட்ணத்திடம் வந்தான்.

"நோர்வே போலீஸ் என்னிடம் தந்தார்கள்" என்றான் தட்டித் தடவிய ஆங்கிலத்தில். "குடும்பத்துக்குச் சேர வேண்டியது."

"அடுத்த வீட்டு நாய் செத்தாலும் சங்கிலியைக் கொண்டுவந்து குடுக்கிற சனம்" என்று இரத்தினசிங்கம் தமிழில் முணுமுணுத்தான்.

"உங்களோடு தனியாகப் பேச வேண்டும்" என்றான் பிரேபன். "இதை நீங்கள் வேறு யாரும் சொல்லிக் கேட்கக்கூடாது."

இருவரும் மண்டபத்தின் பக்கச் சுவரோரம் போனார்கள். பிரேபன் கட்டைகளைப் பனியில் கிடத்தி, அவனும் முழங்காலில் நின்றான். சப்பாத்தின் முனை போய்ப் பொருந்துகிற இரும்புப் பூட்டைக் காட்டினான்.

"விழும்போது கால் முறுகினால், இந்தப் பூட்டுத் தானாக விட்டுவிட வேண்டும். கால் கழன்று வந்துவிடும். கட்டை ஒரு பக்கம் போகும், மனிதன் ஒரு பக்கம் போவான். உயிரைக் காப்பது இதுதான். எவ்வளவு முறுகினால் விட வேண்டும் என்பதை ஆளின் நிறைக்கு ஏற்றபடி இந்தத் திருகாணியில் வைப்பார்கள். ராஜா மெலிந்தவன். அவனுக்கு இங்கே வைத்திருக்க வேண்டும்." அவனுடைய தடித்த விரல் சின்னக் கோடுகள் போட்ட ஓர் இடத்தைத் தொட்டது. பிறகு மறுமுனைக்கு நகர்ந்தது. "இருந்தது இங்கே. முட்டும் வரைக்கும் இறுக்கியிருந்தது. என் உடம்புக்குக்கூட இது விடாது."

ஜெபரட்ணம் கோட்டுப் பைக்குள்ளிருந்து கையுறைகளை எடுத்தார்.

"ஒரு கட்டை மர வேருக்குள் சொருகிவிட்டது. கால் அதில் மாட்டிக்கொண்டது. தலை பள்ளத்துப் பக்கம். கையால் பூட்டை எட்டப் பார்த்திருக்கிறான். எட்டவில்லை. கையுறையின் விரல்களெல்லாம்..." பிரேபன் நிறுத்தினான். "பாதை கூப்பிடு தூரத்தில் இருந்தது. பூட்டு விட்டிருந்தால் எழும்பி வந்திருப்பான். நொண்டியாவது வந்திருப்பான். நாங்கள் விளக்குப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையால்தான் மேலும் கீழும் போனோம். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை."

ஜெபரட்ணம் கையுறைகளைப் போட்டுக்கொண்டார். இடது கைப் பெருவிரல் உறைக்குள் போகும்போது சற்று நொந்தது.

"பிழை என்னுடையது" என்றான் பிரேபன். "மலைக்குப் போன முதல்நாள் காலையில் எல்லாருடைய பூட்டையும் நான் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் முன்னால் இப்படி முழங்காலில் நின்று, காலை முறுக்கிப் பார்த்தேன். கம்புகளுக்கு வெளியே போகாதே, தனியே இறங்காதே, மூடுபனி வந்தால் நின்ற இடத்தில் நில் என்றெல்லாம் சொன்னேன். ராஜாவிடம் வந்தபோது அவன் காலை இழுத்துக்கொண்டான். 'மின் ஸ்டோர்புறோர் பார்த்திருக்கிறார்' என்றான். என் அண்ணன் பார்த்திருக்கிறார், அவர் பார்த்ததை வேறு ஆள் பார்க்கத் தேவையில்லை என்று. மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவ்வளவு பெருமையாகச் சொன்னான். அந்தப் பெருமையில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை."

காற்று ஒரு தரம் வீசி, கூரை விளிம்பிலிருந்த பனியை இருவர் மேலும் தூவிவிட்டுப் போனது.

"நீங்கள் பார்த்தபோது இது சரியாகத்தான் இருந்திருக்கும். அது எனக்குத் தெரியும். அவன் உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறான். பிறகு கப்பலில், பஸ்ஸில், எங்கோ வைத்து யாரோ தொட்டிருக்கிறார்கள். இங்கே பாருங்கள்." பிரேபன் திருகாணியின் தலையைத் தடவினான். வெள்ளையாக ஒரு கீறல் மின்னியது. "பொருந்தாத திருப்புளியால் செய்திருக்கிறார்கள். வழுக்கியிருக்கிறது. செய்தவன் கையையும் வெட்டியிருப்பான். யாராயிருந்தாலும், அதை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். தொழிற்சாலையிலும் அப்படித்தான் சொல்லிவிட்டேன். கழகத்திலிருந்தும் விலகிவிட்டேன்."

அவன் எழும்பி நின்றான். காற்சட்டையின் முழங்கால்களில் பனி உருகி இரண்டு நனைந்த வட்டங்கள் தெரிந்தன.

"இன்று அவனைத் தூக்கும்போது நானும் ஒரு பக்கம் பிடிக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன். வேண்டாமென்றால் போய்விடுகிறேன்."

"பிறகு சொல்கிறேன்" என்றார் ஜெபரட்ணம். ஆங்கிலம் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது.

பிரேபன் தலையை அசைத்துவிட்டு வாசற்பக்கம் போனான். ஜெபரட்ணம் சுவரோடு நின்றார். காலடியில் கட்டைகள் கிடந்தன.

பழைய பொருட்கள் விற்கிற கடையிலிருந்து அந்தக் கட்டைகளை அவர்தான் வாங்கிக் கொடுத்தார். மலையடியில் வாடகைக்குக் கிடைக்கும் என்று ராஜா எவ்வளவோ சொன்னான்.

"வாடகைக்கு எடுத்தால் அவங்களே அளவு பாத்துப் பூட்டி விடுவாங்கள், அண்ணை. பிரேபன் சொன்னவன்."

"ஊரார் போட்டுக் கழட்டின சப்பாத்துக்குள்ள காலை விடப்போறியோ? இரவல் சாமான் எங்கட வீட்டுக்கு எப்பவடா வந்தது? வெள்ளைக்காரரே உன்னை ஒருத்தனைத்தான் கூப்பிட்டிருக்கிறாங்கள். போறதெண்டால் சொந்தச் சாமானோட, மரியாதையாப் போ."

"பழைய கடையில வாங்கினதும் ஆரோ போட்டுக் கழட்டினதுதானே?"

"காசு குடுத்து வாங்கினால் அது எங்கட."

"அண்ணி, இந்தச் சட்டத்துக்கு ஒரு இலக்கம் இருக்கோ எண்டு கேளுங்கோ" என்று ராஜா குசினிப் பக்கம் திரும்பிச் சொன்னான். அருள்மலர் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தாள்.

அவன் கட்டைகளை மாட்டிக்கொண்டு கம்பள விரிப்பின் மேல் ஏறி நின்றான். கதிரையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, மலையிறங்குவதுபோல் அபிநயம் பிடித்தான். "தள்ளுங்கோ, தள்ளுங்கோ, கச்சேரியாற்ற தம்பி வாறான்!" என்று கத்திக்கொண்டு ஒரு பக்கம் முறுகினான். டக்கென்று கால் கழன்றது. அவன் சோபாவில் போய் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஜெபரட்ணம் சிரிக்கவில்லை. மறுபடி ஏறச் சொன்னார். மறுபடியும் முறுகினான், மறுபடியும் கழன்றது.

"பாத்தியோ? உதவாத சாமானை என்ர தலையில கட்டிப்போட்டான் கடைக்காரன். வீட்டுக்குள்ளயே நிக்கேல்ல, மலையில எப்பிடி நிக்கும்?"

"அது கழரத்தான் வேணுமாம், அண்ணை. அப்பிடித்தான் எங்கயோ கேட்டனான்."

"கழருறதுக்கு ஒருத்தன் பூட்டுச் செய்வானோ? மண்டைக்குள்ள என்ன வைச்சிருக்கிறாய்? அங்க போய் எல்லாருக்கும் முன்னால கட்டை ஒரு பக்கம், நீ ஒரு பக்கமா விழுந்து கிடந்தால் ஆருக்கு வெக்கம்?"

மேசை லாச்சியிலிருந்து திருப்புளியை எடுத்தார். அது திருகாணிக்குப் பெரியது. பலத்தைப் போட்டுத் திருப்பினார். ஒரு தரம் வழுக்கி இடது பெருவிரலின் அடிச் சதையைப் பிளந்துவிட்டது. இரத்தத்தைத் துடைத்துவிட்டு, இனி ஒரு நூலும் திரும்பாது என்கிற மட்டும் இறுக்கினார். அருள்மலர் மருந்துத் துணியோடு வந்தாள்.

"உந்தளவு இறுக்க வேணுமோ?" என்று கேட்டாள். "அவன் ஏதோ சொல்லுறானே."

"உனக்கு உது விளங்காது."

ராஜா ஏறி நின்று முறுகினான். முழு உடம்பையும் போட்டு முறுகினான். பூட்டு அசையவில்லை.

"சரி" என்றார் ஜெபரட்ணம். "இனி உன்னை விடாது."

"அண்ணை பாத்திட்டார்" என்றான் ராஜா அண்ணியிடம். "இனி ஆரும் பாக்கத் தேவையில்லை."

கேலியாகச் சொன்னானா மெய்யாகச் சொன்னானா என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு செபக்கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, தம்பி நோர்வே போவதைச் சொந்தச் சாமான் விவரத்தோடு எல்லாருக்கும் சொன்னார்.

"என்னவாம் தாடி?" இரத்தினசிங்கம் மண்டபத்துச் சுவரோரம் வந்து நின்றான்.

ஜெபரட்ணம் திடுக்கிட்டு, பூட்டை மறைக்கிற மாதிரி ஒரு அடி முன்னால் வந்தார். "வருத்தம் தெரிவிச்சான்."

"வருத்தம்! அதை ஆர் கேட்டது? பிழை தன்னிலதான் எண்டு ஒத்துக்கொண்டானோ, அதைச் சொல்லுங்கோ."

சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு ஒரே பதில்தான். சுவர் முதுகில் குளிர்ந்தது. முன்னால் இரத்தினசிங்கம், அவனுக்குப் பின்னால் அத்தனை கண்கள்.

"ஓம்" என்றார்.

"பாத்தியளே! நான் சொன்னனோ இல்லையோ?" இரத்தினசிங்கம் சறுக்குக் கட்டையைச் சப்பாத்துக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். கட்டைகள் ஒன்றோடொன்று மோதிப் பிரிந்தன. அவன் வாசலுக்குப் போவதற்குள் அந்த "ஓம்" அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வாசற்படியோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிரேபனைச் சுற்றி, யாரும் சொல்லாமலே ஒரு வெற்றிடம் விழுந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தெரிந்துகொண்டவன்போல் தலையைக் குனிந்துகொண்டான்.

கச்சேரி வீட்டுக்கு இதுவரை ஒரு பழிச்சொல் வந்ததில்லை. இன்றைக்கும் வராது. அதற்காகத் தான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை; ஏற்கெனவே சொன்ன ஒரு சொல்லோடு பேசாமல் இருந்தால் போதும். மிச்சத்தை அந்தப் பெரிய மனிதன் தன் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஜெபரட்ணம் உள்ளே போனார். கதவு தானாக வந்து முதுகுக்குப் பின்னால் அடைத்துக்கொண்டது.

போதகர் செபம் செய்தார். பெண்கள் பாடினார்கள், பாட்டு நடுவில் உடைந்து, எங்கேயோ ஓர் ஆண் குரல் பிடித்துக்கொண்டு போய் முடித்தது. ஜெபரட்ணம் பெட்டியின் தலைமாட்டில் நின்று தம்பியின் கைகளையே பார்த்தார். கோர்த்து வைத்த மெலிந்த கைகள். நகங்கள் உடைந்திருந்தன. பெருவிரல்களில் வெட்டுக் காயம் ஒன்றும் இல்லை. பிரேபனும் மறுபக்கத்தில் நின்று அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அருள்மலர் போர்வையை இழுத்துக் கால்களை மூடினாள். மூடியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

சாம்பல் கோட்டுக்காரர் ஒரு தட்டை நீட்டினார். அதில் சிறகு வைத்த பித்தளைத் திருகாணிகள் இருந்தன.

"இதைக் குடும்பத்தவர்கள் தங்கள் கையால் பூட்டுவது எங்கள் வழக்கம். ஒருவருக்கு ஒன்று. மொத்தம் ஆறு. யார் யார் என்று நீங்கள் சொல்ல வேண்டும்."

ஜெபரட்ணம் பெயர்களைச் சொன்னார். இரத்தினசிங்கம். ஓல்போர்க்கிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி கிறிஸ்துநாயகம். அவனோடு வந்த இருவர். தான். தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது.

"கடைசியை நான் ஆருக்காவது குடுக்கிறன், அண்ணை" என்று இரத்தினசிங்கம் கையை நீட்டினான்.

"பிரேபன்" என்றார் ஜெபரட்ணம்.

இரத்தினசிங்கம் நீட்டிய கை பாதியில் நின்றது.

"அண்ணை, என்ன கதை கதைக்கிறியள்? உவன்ர கையால பூட்டுறதோ? ஆக்கள் காறித் துப்புவினம்."

"நான் சொன்னது சொன்னதுதான், தம்பி. தட்டை அவனிட்டக் குடுங்கோ."

அவருடைய வயசுக்கும் குரலுக்கும் அவர்கள் பழகியிருந்தார்கள். தட்டு நகர்ந்தது. பிரேபன் தொப்பியைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டுத் திருகாணியை எடுத்தான். அவனுக்குக் கிடைத்த இடம் கால்மாட்டில், வலது பக்கம்.

மூத்தவர் முதலில் தொடங்க வேண்டும். ஜெபரட்ணம் தலைமாட்டில் தன் திருகாணியைத் துளையில் வைத்துத் திருப்பினார். தோலுறைக்குள் கை வழுக்கியது.

"உறையைக் கழற்றினால் சுலபம்" என்றார் சாம்பல் கோட்டுக்காரர் மெதுவாக.

அப்போதுதான் உள்ளே வந்த பிறகும் கையுறையைக் கழற்றவில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. இவ்வளவு சூட்டுக்குள் கைகள் வேர்த்துக் கிடந்தன. கழற்றவில்லை. ஏதோ பிடித்த அளவுக்குத் திருப்பிவிட்டு விலகினார். இரத்தினசிங்கம் தன்னுடையதைப் படபடவென்று முடித்தான். கிறிஸ்துநாயகமும் மற்ற இருவரும் முடித்தார்கள்.

பிரேபன் தன்னுடையதைப் பொறுமையாகச் செய்தான். பாதி வாழ்க்கை இயந்திரங்களைப் பூட்டிக் கழற்றிய கை. இந்த ஒன்றிலாவது பிழை விடக்கூடாது என்பதுபோல், தோளைக் கொடுத்துத் திருப்பினான். பித்தளை மரத்தில் போய் உட்கார்ந்தது. அவன் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு தரம் திருப்பினான். பலகை கிரீச்சென்றது.

அதற்குக் கீழே, போர்வைக்குள், நாடா இல்லாத அந்தச் சப்பாத்து இருந்தது.

ஜெபரட்ணம் தலைமாட்டிலிருந்து நடந்து வந்தார். நாலே எட்டு. பிரேபனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, இடது கையுறையைக் கழற்றினார். அது கீழே விழுந்தது, அவர் குனியவில்லை. வெறுங்கையை நீட்டி, சிறகைப் பிடித்திருந்த பிரேபனின் கைமேல் வைத்தார்.

"இறுக்க வேண்டாம்" என்றார் டேனிஷில். அவர் அந்த மொழி பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

பிரேபன் கையை எடுத்தான். ஜெபரட்ணம் திருகாணியை மற்றப் பக்கம் திருப்பினார். ஒரு சுற்று. இன்னும் ஒரு சுற்று. சிறகு மரத்தைவிட்டுக் கிளம்பி நின்றது. அவருடைய பெருவிரலின் அடியில், புதுத்தோல் மூடிய நீளமான தழும்பு, மெழுகுதிரி வெளிச்சத்தில் வெளிறித் தெரிந்தது.

பிரேபன் அந்த விரலைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தான். ஜெபரட்ணம் பார்வையைத் திருப்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.

"என்னண்ணை, அது சரியாப் பூட்டேல்லையோ?" என்று இரத்தினசிங்கம் எட்டிப் பார்த்தான்.

அருள்மலர் குனிந்து நிலத்தில் கிடந்த கையுறையை எடுத்தாள். தூசியைத் தட்டி, இரண்டாக மடித்து, நாடா கிடந்த கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தூக்குவதற்கு ஆட்கள் நிரையில் வந்து நின்றார்கள். மூத்தவருக்குரிய இடம் தலைமாடு. அதை இரத்தினசிங்கத்துக்கு விட்டுவிட்டு, ஜெபரட்ணம் கால்மாட்டில் பிரேபனுக்கு எதிர்ப்பக்கம் போய் வெறுங்கையால் பிடியைப் பிடித்தார். சாம்பல் கோட்டுக்காரர் கதவைத் திறந்தார். குளிர் உள்ளே வந்தது.

பெட்டி வெளியே போனது. வலது கால்மாட்டில் அந்த ஒரு திருகாணி மட்டும், மரத்தில் முழுதாக அமராமல், அவர்கள் வைத்த ஒவ்வோர் எட்டுக்கும் மெல்ல ஆடிக்கொண்டே போனது.